சிவப்பு உடுப்புப் போட்ட இறால்

பிள்ளைகளைப் படம் எடுக்கும் உள்ளறையில், தரையில் ஒட்டியிருக்கும் பச்சை டேப் எதற்கு என்று நீங்கள் இருவரும் வேலைக்கு வந்த முதல் நாளே கேட்டீர்கள். "பிறகு சொல்றன்" என்றேன். அன்றைக்கு வெளியே மூன்று குடும்பம் காத்திருந்தது. அந்தப் 'பிறகு' இப்போதுதான் வாய்த்திருக்கிறது. வருகிற மாதம் எனக்குக் கலியாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண் வீடு தெற்கே திருக்கோவில் என்ற ஊரில். அங்கிருந்து தினமும் மட்டக்களப்பு டவுனுக்கு வந்து போவது நடக்கிற காரியம் இல்லை. ஏழு வருடம் வேலை செய்த ஸ்டூடியோவிலிருந்து முப்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம், லென்ஸ், எடிட்டிங் எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைப் போனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் எழுத நினைத்தது ஒரேயொரு விஷயம். சின்னப் பிள்ளைகள் நம்மை என்ன செய்கிறார்கள், அதற்குப் பிறகு நாம் அவர்களை என்ன செய்கிறோம் என்பது.

எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். தன் பெயரை எழுதப் பழகியதே என்னிடம்தான். அதனால் எனக்குப் படிப்பின் மேல் ஒரு பெரிய நம்பிக்கை. எதையும் வாசித்து அறிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஸ்டூடியோவில் சேர்ந்ததும் குழந்தைகளின் படங்கள்தான் எங்களுக்கு அதிக வேலை தருகின்றன என்று கண்டு, அதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பெரிய தலை, உருண்டைக் கன்னம், முகத்தில் பாதியை நிறைக்கிற கண், பொட்டு மாதிரி மூக்கு. இந்த அமைப்பைக் கண்டால் மனித மனம் தன்னையறியாமல் இளகும். கிட்டப் போய்த் தூக்கச் சொல்லும். பச்சைப் பிள்ளை உயிர் பிழைப்பதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு அது. நாய்க்குட்டியும் யானைக்குட்டியும் கடைப் பொம்மையும் நம்மை மயக்குவதும் அதே முகத்தால்தான்.

வாசித்ததைத் தொழிலில் போட்டுப் பார்த்தேன். கமராவைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கினால் கண் பெரிதாகும். கிட்டப் போனால் தலை பெரிதாகும், உடம்பு சின்னதாகும். எல்லாவற்றையும்விட, பிள்ளை அழத் தொடங்குவதற்கு முந்திய மூன்று செக்கன். கீழுதடு பிதுங்கி நடுங்கும். கண்ணில் தண்ணீர் கட்டும், விழாது. அந்த மூன்று செக்கனைப் பிடித்துக் கொடுத்தால் எந்தத் தாயும் அந்தப் படத்தைப் பெரிதாக்காமல் போகமாட்டாள். அதைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முதலாளியே வந்தவர்களிடம் சொல்லுவார்.

முதல் வருடத்திலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. அதை நான் எச்சரிக்கையாக எடுக்கவில்லை. வவுணதீவிலிருந்து ஒரு விவசாயி தன் மகனின் முதலாவது பிறந்தநாள் படத்தைச் சட்டத்தோடு திருப்பிக் கொண்டு வந்தார்.

"தம்பி, கன்னத்தில வெச்ச பொட்டு எங்க?"

"அத எடிட்ல எடுத்துட்டன் அண்ணன். முகம் தெளிவாத் தெரியட்டும் எண்டு."

"தெளிவாத் தெரியக் கூடாதெண்டுதானே வைக்கிற."

அவர் கோபப்படவில்லை. நான் பொட்டைத் திரும்ப வைத்து அச்செடுத்துக் கொடுக்கும் வரைக்கும் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தார். 'பொட்டை அழிக்கக் கூடாது' என்று கொப்பியில் எழுதிவைத்தேன். வாடிக்கையாளரின் விருப்பம் என்றுதான் எழுதினேன். ஒரு பிள்ளையின் முகத்தை ஊர்க் கண்ணுக்கு முழுதாகக் கொடுக்கத் தயங்குகிற தகப்பனின் யோசனை அதற்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளையை நேருக்கு நேர் "வடிவு" என்று சொல்லப் பயப்படுவார்கள். நாவூறு, அதாவது கண்ணேறு, பட்டுவிடும். சொல்லிவிட்டால் உடனே "தூ தூ" என்பார்கள், அல்லது "கறுவல்", "குரங்கு" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். அதே ஆட்கள் போனில் "சோ கியூட்" என்று எழுதும்போது ஒரு பயமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு நாவூறு கிடையாது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தேற்றாத்தீவுப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில், ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளை வழியனுப்புகிற விடுகை விழா. பிள்ளைகள் வாவியில் வாழும் உயிர்களாக வேடம் போட்டு, ஆளுக்கு ஒரு வசனம் சொல்ல வேண்டும். நண்டு, கொக்கு, ஆமை, மீன். மிதுஷா என்கிற சின்னப் பிள்ளைக்கு இறால் வேடம். ஆசிரியை படப் புத்தகத்தைப் பார்த்து நல்ல சிவப்புத் துணியில் தைத்திருந்தார். ஈர்க்கில் வெள்ளித்தாள் சுற்றி நீளமான இரண்டு மீசை. மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்திப் படமும் வீடியோவும் எடுத்தேன். வழக்கம்போலக் கன்னத்தைத் தட்டி, சிரிக்க வைக்க ஏதாவது சொல்லி எடுத்தேன்.

மிதுஷாவின் வசனம் இதுதான்: "நான் வாவி இறால். எனக்கு நீண்ட மீசை." பிள்ளை மேடைக்கு வந்து நின்றாள். வசனம் வரவில்லை. ஒரு மீசை வழுகி வாய்க்குக் குறுக்கே வந்துவிட்டது. சபை மெல்லச் சிரித்தது. நான் மேடையின் அடியில் குந்தியிருந்தேன். கீழுதடு பிதுங்குவதைக் கண்டேன். மூன்று செக்கன். கமராவோடு முழங்காலில் நகர்ந்து கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். முகம் சட்டத்தை நிறைத்தது.

"என்னக் கறி ஆக்காதீங்க" என்றாள்.

மண்டபம் கைகொட்டிச் சிரித்தது. அவள் அழுதுகொண்டு இன்னும் சத்தமாக அதையே சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது. ஆசிரியை சிரித்தபடியே வந்து தூக்கிக்கொண்டு போனார். முன்வரிசையில் இருந்த தாயும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும்தான். கமரா ஆடிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தாயிடம் கேட்டு, அரை நிமிடத் துண்டாக வெட்டி, துள்ளலான இசை போட்டு, எங்கள் ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. "சோ கியூட்." "கடிச்சுத் தின்னலாம் போல இரிக்கு." மிதுஷாவின் தகப்பன் கட்டாரில் வேலை. அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, எங்கட கேம்ப்பில எல்லாருட போன்லயும் என்ட மகள்தான். இவ்வளவு நாளும் என்ட பேர் தெரியாதவனெல்லாம் இப்ப இறாலுட அப்பா எண்டு கூப்பிடுறானுகள்."

அவருடைய குரலில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அதையும் நீங்கள் மறக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் முகம் எங்கோ தகரக் கூரைக்குக் கீழ் படுத்திருக்கிற நாற்பது ஆண்களை ஒரு நிமிடம் இளக வைத்தது. அது நல்ல காரியம்தான்.

அடுத்ததாகக் காத்தான்குடியில் ஒரு பெரிய புடவைக் கடை நடத்துகிற ஹாஜியார், எங்கள் முதலாளிக்குப் போன் எடுத்தார். கடையில் குழந்தை உடுப்புப் பகுதியைப் புதிதாகத் திறக்கிறார். வாசலில் வைக்கிற பெரிய போர்ட்டில் அந்த இறால் பிள்ளையின் முகம் வேண்டும். முதலாளிக்குக் கால் நிலத்தில் படவில்லை. தாயும் போனில் ஓம் என்றார். சனிக்கிழமை படம் எடுப்பது, ஞாயிறு அச்சுக்குக் கொடுப்பது என்று முடிவாகியது.

வியாழக்கிழமை மத்தியானம் மிதுஷாவின் தாய் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் மடித்த பேப்பர்த் துண்டு.

"தம்பி, கொஞ்சம் வெளிய வாறீங்களா?"

"என்னக்கா, சனிக்கிழமை விசயமா?"

"இல்ல. உங்கட காலடி மண் கொஞ்சம் வேணும்."

எனக்கு விளங்கவில்லை. ஸ்டூடியோ முழுக்க டைல்ஸ். மண்ணுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் யோசித்தேன். அவர் அதையும் யோசித்துத்தான் வந்திருந்தார். பக்கத்து வேப்பமரத்தடியைக் காட்டினார்.

"சப்பாத்தக் கழட்டிப்போட்டு அதில மிதிங்க."

"ஏனக்கா, பிள்ளைக்கு என்ன?"

"கடைக்குக் கூட்டிப் போனா 'இறால் பிள்ள, சொல்லு பாப்பம்' எண்டு கேக்கிறாங்க. சொல்லாட்டிக் கன்னத்தக் கிள்றாங்க. ரோட்டில போற ஓட்டோவும் நிப்பாட்டிக் கேக்கிது. இப்ப பத்து நாளா வாசலுக்கு வாற இல்ல. என்னோட மட்டும் கதைக்கிறாள், அதுவும் காதுக்குள்ள. ஐஞ்சு கிழமையில ஒண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் எண்டாலே தலையாட்டுறாள், மாட்டன் எண்டு." அவர் குரலை இறக்கினார். "நாவூறு கழிக்கிறதெண்டாப் பாத்த ஆக்களுட காலடி மண் எடுக்கணும். ஆரு பாத்த எண்டு சொல்லுங்க. லண்டன்ல பாத்திரிக்காங்க, கனடாவில பாத்திரிக்காங்க. எந்த மண்ண எடுக்கிற? முதல்ல பாத்த கண் உங்கட. அதான் வந்தன்."

"நான் இதுகள நம்புறல்லக்கா."

"நம்பச் சொன்னனா? மிதிங்க."

மிதித்தேன். அவர் குனிந்து என் கால் பதிந்த இடத்தில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மண்ணைக் கிள்ளி எடுத்துப் பேப்பரில் வைத்தார்.

"மற்றக் காலும்."

மடித்து இடுப்பில் செருகியபடி சொன்னார்: "சனிக்கிழமைக்கு அந்தக் கடைக்காரருக்கு ஓம் எண்டுட்டன். பிள்ளை வருவாளோ தெரியா. எப்பிடி இல்லெண்டு சொல்ற எண்டும் தெரியா."

அவர் போன பிறகு வெறுங்காலோடு கொஞ்ச நேரம் அந்த மரத்தடியிலேயே நின்றேன். பரீட்சையில் வந்த எந்தக் கேள்வியும் அப்படி என்னை நிறுத்தியதில்லை.

உள்ளே வந்து அன்றைய முழு வீடியோவையும் போட்டேன். வெட்டிய அரை நிமிடத்தைப் பல தரம் பார்த்திருந்தேன். வெட்டாததை ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் எடுத்த துண்டில், படத்துக்கு வெளியிலிருந்து என் குரல் கேட்கிறது. "அட, என்ன வடிவான இறால் இது. மாமா கடிச்சுத் தின்னட்டா? இல்லாட்டிக் கறி ஆக்கட்டா?" சுற்றி நின்ற பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மிதுஷா சிரிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போகிறாள்.

பிறகு மேடை. அவள் சபையைப் பார்க்கவில்லை. லென்ஸைப் பார்க்கிறாள். நான் முழங்காலில் நகர நகர அவளுடைய கண் பெரிதாகிறது. நான் வெட்டி எறிந்த இரண்டு சொல் அங்கே கிடக்கிறது.

"கமரா மாமா, என்னக் கறி ஆக்காதீங்க."

அவள் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். அந்த மண்டபத்தில் அவளுக்கு மிகக் கிட்ட இருந்த பெரிய ஆள் நான். அவளைத் தின்னப் போகிறேன் என்று சொன்னதும் நான். வேண்டாம் என்று கெஞ்சியபோது இன்னும் கிட்டப் போனதும் நான். 'கமரா மாமா' என்ற சொல் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டாது என்று கத்தரித்திருந்தேன்.

ஏன் நாம் சின்னப் பிள்ளைகளைக் கண்டால் கடிக்கலாம், தின்னலாம் என்கிறோம்? யாரும் கெட்ட மனதோடு சொல்வதில்லை. மனம் தாங்க முடியாத அளவுக்கு இளகும்போது பல்லைக் கடித்துத் தன்னை இறுக்கிக்கொள்கிறது போல. கை கன்னத்தைக் கிள்ளுவதும் அதனால்தான். ஆனால் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நாம் பாசம் என்று நினைத்துச் சொல்வதை, பிள்ளை சொன்னபடியே கேட்கிறது. அந்தப் பிள்ளை எங்களுக்குச் செல்லமாகத் தெரிந்த நேரத்தில், அவளுக்கு நாங்கள் யாராகத் தெரிந்தோம் என்று மண்டபத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. செல்லம் கண்ணை மறைக்கும். நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். என் கண்ணும் மறைந்துதான் இருந்தது.

முதலாளியிடம் கேட்காமலேயே, பக்கத்தில் ஏற்றிய அந்தத் துண்டை அழித்தேன். கேட்டிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பார். யோசிக்க நேரம் இல்லை என்று எனக்குப் பட்டது. பின்னேரம் வந்து பார்த்தவர் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"எங்கடா அது?"

"அழிச்சிட்டன்."

"நம்மட கடைக்கு இவ்வளவு ஆக்கள் வந்ததே அதாலதான். சனிக்கிழமை ஹாஜியாருக்கு என்னத்தச் சொல்ற? நீ வேலை செய்யிற இடமா இது, இல்லாட்டி உன்ட சொந்தக் கடையா?"

முழு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். என்னுடைய குரல் வருகிற இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டேன். அவர் கடைசி வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு என் கதிரையை இழுத்து இருந்தார்.

"பேத்தியோட நானும் இப்பிடித்தான் சொல்ற," என்றார். தன் போனை எடுத்துக் காட்டி, "நீ அழிச்சாலும் மத்தவன்ட போன்ல இரிக்குமே" என்றார்.

"அவளிட்ட அந்த வசனத்தக் கேக்காதீங்க எண்டு எழுதிப் போடுவமா?"

"விசரா உனக்கு? சொன்னா இன்னும் கேப்பாங்க. ஆக்கள் ஒண்ட மறக்கிறதெண்டா இன்னொண்டக் குடுக்கணும்." அறையைச் சுற்றிப் பார்த்தார். கமராப் பைக்குள் வால் மட்டும் வெளியே தெரிய எங்கள் பூனை படுத்திருந்தது. "இத எடு. இதுக்கு நாவூறு பட்டாலும் இது கவலைப்படாது."

இப்போது பிரிண்டருக்கு மேல் படுத்துக்கொண்டு உங்களை வேலை செய்ய விடாத அதே பூனைதான். ஒரு கிழமை தினமும் அதை எடுத்துப் போட்டோம். ஊர்ச் சனம் இறாலை விட்டுப் பூனைக்கு வந்தது. முதலாளியை நீங்கள் சில நேரம் திட்டுவீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஜியாருக்கு நான் போன் எடுத்தேன். முதலாளியே பேசட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் தவறு என்னுடையது. பொய் சொல்ல ஒரு வழி இருந்தது: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் முடிந்தது. அப்படிச் சொன்னால் அடுத்த கிழமை திரும்பக் கேட்பார். நடந்ததை அப்படியே சொன்னேன். 

"தம்பி," என்றார், "எங்கட ஆக்கள் புள்ளைய வடிவெண்டு சொல்லக்குள்ள மாஷா அல்லாஹ் எண்டு சேத்துச் சொல்றது. அந்த வீடியோவ நான் இருவது பேருக்கு அனுப்பின. ஒருக்காவும் அது வாயில வரல்ல. சிரிச்சதுதான்." பிறகு வியாபாரிக் குரல் வந்தது. "சரி, அந்தப் புள்ள வேணாம். ஆனா ஞாயித்துக்கிழமை எனக்குப் படம் வேணும். அது உங்கட பாடு."

சனிக்கிழமை காலை ஹாஜியார் கடையின் சின்னச் சட்டைகளை வாவிக் கரையில் ஒரு கொடியில் காயப்போட்டு எடுத்தேன். ஒரு பிள்ளையும் இல்லை. காற்றில் ஊதிய எட்டுச் சட்டை, ஒன்றுக்குப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய பிள்ளையைப் பார்க்கிறவர்களே நினைத்துக்கொண்டார்கள். அந்த போர்ட் இன்னும் கடை வாசலில் இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும், தேற்றாத்தீவில் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பொம்மை, சொக்கலேட் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கினால் நான் நல்லவன் என்று அவளை நம்ப வைக்கிற வேலையாகிவிடும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசற்படியில் இருந்தேன், முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு. தாய் தேத்தண்ணி தந்தார்.

"கழிச்சன் தம்பி," என்றார். "அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டாள்."

நான் ஓம் என்றேன். என்னுடைய மண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மண்ணைத் தந்திருக்காவிட்டால் நான் அந்த வாசற்படிக்கு வந்திருக்கமாட்டேன்.

கதவின் இடுக்கில் சின்னக் கால்விரல்கள் கடைக்கண்ணில் தெரிந்தன. திரும்பாமலேயே பேசினேன்.

"மிதுஷா, அண்டைக்கு நீங்க என்னட்ட ஒண்டு கேட்டீங்க. நான் மறுமொழி சொல்லல்ல. அதச் சொல்லத்தான் வந்தன். உங்கள ஒருத்தரும் கறி ஆக்கமாட்டாங்க. நான் சொன்னது பிழை. பகிடி எண்டு நினைச்சுச் சொன்ன, ஆனா அது பகிடி இல்ல."

தாய் உள்ளே போய்விட்டார். கிடுகு வேலியில் ஒரு காகம் வந்து இருந்து, பறந்து போனது. தேத்தண்ணி ஆறி முடிந்தது. எழுந்து போகலாமா என்று நினைத்த நேரத்தில் பின்னால் சன்னமாகக் குரல் வந்தது.

"அப்ப ஏன் கிட்டக் கிட்ட வந்தீங்க?"

"உங்கட முகத்தப் பெரிசா எடுக்க" என்றேன். "நீங்க பயந்தது எனக்கு விளங்கல்ல. பாத்துக்கொண்டுதான் இருந்தன். ஆனா விளங்கல்ல."

பின்னால் கதவு மெல்லக் கீச்சிட்டது.

"சிவப்பு உடுப்புப் போட்டாங்க," என்றாள். "அம்மா வாங்கிற இறால் சாம்பல் நிறம். அது துள்ளும். சட்டியில போட்டாத்தான் சிவப்பு."

இறால் பிடிக்கிறவரின் மகன் நான். வாவி இறாலின் நிறம் எனக்குத் தெரியாதா? பத்து வயதில் வலையிலிருந்து பிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படப் புத்தகத்தில் சிவப்பாகப் பார்த்தேன், சிவப்பு என்றே வைத்துக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் கூடி அந்தப் பிள்ளைக்கு அவித்த இறாலின் நிறத்தைப் போட்டு, தின்னட்டா என்று கேட்டு, மேடையில் ஏற்றியிருக்கிறோம். அவள் உளறவில்லை. அந்த மண்டபத்தில் இறாலைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் அவள்.

"நீங்க சொல்றது சரி" என்றேன். "எங்கள்ல ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரல்ல."

கதவு திறந்தது. அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் அந்தச் சிவப்பு உடுப்பு. தாய் பின்னால் வந்தார்.

"அடுப்புச் சாம்பல் பூசினா இதுக்குத் திரும்பி உயிர் வருமா?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, தாயிடம். ஆனால் சத்தமாக, காதுக்குள் இல்லாமல்.

தாய் என்னைப் பார்த்தார். நான் உடுப்பைப் பார்த்தேன். "வரும் போலதான் இரிக்கு" என்றார் தாய்.

மூன்று பேரும் முற்றத்தில் குந்தியிருந்து சாம்பல் பூசினோம். அவள் எங்களுக்கு வேலை பிரித்துத் தந்தாள். எனக்கு வால். நான் சரியாகத் தேய்க்கவில்லை என்று இரண்டு தரம் குறை சொன்னாள். மூக்கிலும் கன்னத்திலும் சாம்பல் பட்டு, மீசையைத் தானே நிமிர்த்தி வைத்து, இறாலைக் கொடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்று பார்த்தாள். அந்தக் காட்சியை நான் உங்களுக்கு இதற்கு மேல் விபரிக்கவில்லை. என்னுடைய கை கமரா இல்லாத தோளைத் தேடியது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த நாள் வந்துதான் பச்சை டேப்பை ஒட்டினேன். பிள்ளை இருக்கிற இடத்திலிருந்து நான்கு அடி. அதற்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவும் எடுக்கலாம். தாண்டுவதென்றால் பிள்ளையிடம் கேட்க வேண்டும். தாயிடம் கேட்டது போதாது. பேசத் தெரியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று கேட்பீர்கள். கையை நீட்டிப் பாருங்கள். அது முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று தெரியும். பின்னால் போகிற பிள்ளையின் முகம் மிக மிகச் செல்லமாக இருக்கும். அந்த நேரம்தான் உங்களுக்குக் கஷ்டமான நேரம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எங்கள் ஸ்டூடியோவைத்தான் கூப்பிட்டது. மிதுஷா வருவாளா என்று எனக்குத் தெரியாது. தாயிடம் போன் எடுத்துக் கேட்கவும் மனம் வரவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையோடு வரிசையாக நின்றார்கள். புதிய பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஐந்தாவதாக அவள் வந்தாள், தாயின் கையை விட்டு, தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் புத்தகப் பையோடு. மாலை போட்டார்கள். மாலை முழங்கால் வரைக்கும் தொங்கியது. கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு.

பெற்றோருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் என்னைக் கண்டாள். கண்டு நின்றுவிட்டாள். நான் கமராவை இறக்கி, விரலால் அதைக் காட்டி, தூரத்திலிருந்தே கேட்டேன்.

"எடுக்கட்டா?"

யோசித்தாள். மண்டபமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம்" என்றாள்.

முழு மண்டபத்துக்கும் கேட்டது. தாய்மார் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். "பாரன், இறால் பிள்ளை எப்பிடிச் சொல்றா எண்டு." அவள் அவர்கள் பக்கம் கிறுகிப் பார்த்து, அதே குரலில், "வேணாம்" என்று இன்னொரு தரம் சொன்னாள். சிரிப்பு நின்றது. பிறகு பையைச் சரிசெய்துகொண்டு போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

பின்வரிசையில் நின்ற அவளுடைய தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓம் என்று தலையசைத்துவிட்டு, ஆறாவது பிள்ளையிடம் கேட்கப் போனேன்.